வெண்கலம் குரலைத் தொலைத்த ஞாயிற்றுக்கிழமை

மனுஷனுக்குக் குரல் போனால் ஒரு தடவைதான் போகும். வெண்கலத்துக்கு இரண்டு தடவை போயிற்று. முதல் தடவை ஆஸ்பத்திரியில், டாக்டர் கையால். இரண்டாம் தடவை தன் வீட்டு மேஜையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தன் கையாலேயே.

வெண்கலம் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. மீன் மார்க்கெட் வைத்த பேர். விடிவதற்கு முன்னால் மீன் வண்டிகள் வந்து நிற்க, ஈரத் தரையில் கூடைகள் வரிசையாக இறங்க, ஒரு கவிழ்த்த மரப்பெட்டி மேல் ஏறி நின்று இவர் ஏலம் விட ஆரம்பித்தால், தெருக்கோடியில் தூங்குகிறவன் புரண்டு படுப்பான். மைக் வைத்துப் பார்த்தார்கள். மைக்தான் கெட்டுப்போனது. "ஒரு தரம்" என்று சொல்லிக் கையிலிருக்கும் கட்டையால் பலகையில் ஒரு தட்டு. "ரெண்டு தரம்", இன்னொரு தட்டு. மூன்றாவதுக்குக் கட்டையை ஓங்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பார். வியாபாரிகள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். தாங்க முடியாமல் எவனாவது ஒருத்தன் கையைத் தூக்கி விலையை ஏற்றிவிடுவான். அந்த மூன்றாவது தட்டை இழுத்தடிப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அப்படிப்பட்ட ஆளின் தொண்டையில்தான் கட்டி வந்தது. பெட்டியோடு எடுத்தால்தான் ஆள் தப்புவார் என்றார்கள். குரல் இருக்கிற பெட்டியை. கேட்டதும் அவர் மனைவி அழுதாள். இவர் அழவில்லை. "அப்போ நான் எப்படிங்க திட்டுறது?" என்று டாக்டரிடம் கேட்டார்.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா ஒருத்தி விவரமானவள். "ஆபரேஷனுக்கு இன்னும் நாள் இருக்குல்ல, அதுக்குள்ள பேசிப் பதிவு பண்ணி வச்சுக்கோங்க. அன்னாடம் என்னென்ன பேசுவீங்களோ அத்தனையும்" என்றாள். இவர் விடுவாரா? வாய் ஓயாமல் பேசினார். வீட்டில் பேசுவது, மார்க்கெட்டில் பேசுவது, திட்டுவது, திட்டியபின் சமாதானப்படுத்துவது, தும்மினால் மனைவியிடம் சொல்வது, எல்லாம். மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், பழைய மியூசிக் பிளேயர் ஒன்றைக் கொண்டுவந்தான். உள்ளே சின்ன ஹார்ட் டிஸ்க் சுற்றும் பழைய மாடல், கையில் வைத்தால் கனக்கும். அந்த டிஸ்கை இரண்டு பகுதியாகப் பிரித்து, பெரிய பகுதியில் பாட்டும் சின்ன பகுதியில் மாமாவின் பேச்சும் போட்டுக் கொடுத்தான். பேச்சுக்கு ஏன் சின்ன பகுதி என்று கேட்டதற்கு, "இனிமேலாவது மாமா கொஞ்சமாப் பேசட்டும்க்கா" என்றான்.

ஆபரேஷன் முடிந்தது. ஆள் பிழைத்தார். கழுத்தில் ஓட்டை, அதன் மேல் ஒரு மெல்லிய துணி, மூச்சு அந்த வழியாக. மார்க்கெட்டில் எடை போடும் மேஜையில் உட்கார வைத்தார்கள். கழுத்தில் தொங்கும் பிளேயரில் பட்டனை அமுக்கினால், அதோடு சேர்ந்த குட்டி ஸ்பீக்கர் வழியாக அவருடைய பழைய குரல் "கைய எடுய்யா தராசுலேர்ந்து!" என்று அதட்டும். வியாபாரிகள் முதலில் திகைத்தார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு கையை எடுத்தார்கள்.

இதெல்லாம் போகட்டும். விஷயம் அவருடைய அம்மா.

அம்மா இருப்பது வேறு ஊரில், அக்கா வீட்டில். கண் பார்வை அநேகமாகப் போய்விட்டது, நடமாட்டம் கட்டிலோடு சரி. இதயம் பலவீனம். அதிர்ச்சியான சேதி எதுவும் காதில் போடாதீர்கள் என்று அங்கே டாக்டர் சொல்லிவைத்திருந்தார். அக்கா போனில் அழுதுகொண்டே, "உனக்கு இப்படின்னு தெரிஞ்சா அம்மா தாங்காதுடா" என்றாள். அதனால் அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்கிற நேரத்தில் அம்மா போன் போட்டுத் தரச் சொல்லும். இவர் பிளேயரைப் போனுக்குப் பக்கத்தில் வைத்துப் பட்டனை அமுக்குவார்.

"சாப்பிட்டியாடா?"

"சாப்பிட்டேம்மா."

"வேலை எப்படிப் போகுது?"

"மார்க்கெட்ல வேலை ஜாஸ்திம்மா."

"எப்பதான்டா வருவ?"

"அடுத்த மாசம் வரேம்மா."

ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த அடுத்த மாசம் வந்துகொண்டே இருந்தது. நேரில் போனால் குட்டு வெளிப்பட்டுவிடுமே, எப்படிப் போவது? மகன் பெட்டிக்குள்ளிருந்து பேசுகிறான் என்று அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் சமீபத்தில் அம்மா ஒன்று சொல்ல ஆரம்பித்திருந்தது. "ஏன்டா, ரெண்டு வார்த்தையில முடிச்சுடுற? முன்னல்லாம் போனை வைக்கவே மாட்டியே." அதற்கு அவரிடம் பதில் பதிவாகி இருக்கவில்லை. "சரிம்மா" என்பதைத்தான் அமுக்கினார். அமுக்கியபின் அன்றைக்கு முழுவதும் மனசே சரியில்லை.

அதற்குத்தான் இந்த வேலையில் இறங்கினார். பதிவுகளை வெட்டி ஒட்டினால் புதிய வாக்கியம் பண்ணலாம் என்று கண்டுபிடித்திருந்தார். ஒன்றிலிருந்து "உன்ன"வை எடுத்து, இன்னொன்றிலிருந்து "நெனச்சுக்கிட்டே"வை எடுத்து, மூன்றாவதிலிருந்து "இருக்கேன்"ஐ எடுத்து ஒட்டி, அம்மாவுக்காக நீளமாக நாலு வார்த்தை தயாரித்தார். தையல் போட்ட சட்டை மாதிரி அங்கங்கே மடிப்புத் தெரிந்தாலும் கேட்க நன்றாகவே இருந்தது. ஆனால் பிளேயரில் ஏற்றப் போனால் இடம் இல்லை என்றது. பேச்சுப் பகுதி நிரம்பி வழிந்தது. பாட்டுப் பகுதி பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது.

மச்சினனைக் கேட்டிருக்கலாம். "நான் வர்ற வரைக்கும் அதத் தொடாதீங்க மாமா" என்று அவன் ஏற்கெனவே தலைப்பாடாக அடித்துக்கொண்டதும் உண்டு. ஆனால் வெண்கலத்துக்குக் காத்திருப்பது என்றால் வேப்பங்காய். மற்றவர்களைக் காக்க வைத்தே பழகிய மனுஷன். கம்ப்யூட்டரில் தேடி, இலவசமாகக் கிடைத்த ஒரு சாஃப்ட்வேரை இறக்கினார். டிஸ்கின் ஒரு பகுதியைச் சுருக்கி மற்றதைப் பெரிதாக்கித் தருமாம், உள்ளே இருப்பது ஒன்றும் அழியாதாம். அது சொன்னது, இவர் நம்பினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பிளேயரைக் கம்ப்யூட்டரில் சொருகினார். கோட்டைப் பிடித்து இழுத்துப் பேச்சுப் பகுதியை அகலமாக்கினார். எச்சரிக்கை என்று ஒரு பெட்டி வந்தது. சரி என்றார். இன்னொன்று வந்தது. அதற்கும் சரி. பச்சைப் பட்டை ஊர ஆரம்பித்தது. பாதிக்கு மேல் போனதும் நின்றது. நின்றது நின்றதுதான். பிளேயருக்குள்ளிருந்து டிக், டிக் என்று ஏதோ சத்தம்.

அடுத்து அவர் செய்ததை மார்க்கெட்காரனைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள். விலை கேட்டு எவனும் வாய் திறக்காவிட்டால் என்ன செய்வார்? அதைத்தான் செய்தார். விரலால் மேஜையில் தட்டினார். ஒரு தரம். பட்டை நகரவில்லை. ரெண்டு தரம். நகரவில்லை. வாழ்நாளெல்லாம் மூன்றாவதை இழுத்தடித்தவர், இழுக்க வேண்டிய அன்றைக்குப் பார்த்து இழுக்கவில்லை. தட்டினார், ஒயரைப் பிடுங்கினார்.

பிளேயர் திரையில் ஒரு ஆச்சரியக்குறி வந்தது. வேறு எதுவும் வரவில்லை. அணைத்துப் போட்டார், ஆச்சரியக்குறி. மறுபடி சொருகினார். "இந்த டிஸ்கை ஃபார்மேட் செய்ய வேண்டுமா?" என்று கம்ப்யூட்டர் சாவதானமாகக் கேட்டது.

கழுத்து ஓட்டை வழியாக மூச்சு விசில் மாதிரி வந்தது. மனைவியைக் கூப்பிட வாயைத் திறந்தார். திறந்தபிறகுதான் ஞாபகம் வந்தது. பழக்கதோஷத்தில் கழுத்தில் தொங்கும் பிளேயரைத் தேடிக் கை போனது. கழுத்தில் ஒன்றும் இல்லை. அது மேஜையில் செத்துக் கிடந்தது. பக்கத்து அறையில் மனைவி பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள், மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பிளேயரை விட்டு எழுந்து போக மனசில்லை. ஸ்பூனை எடுத்து டம்ளரில் தட்டினார், தட்டிக்கொண்டே இருந்தார். மெஷின் நின்றது.

"என்னங்க? என்ன ஆச்சு? நெஞ்சு வலிக்குதா?"

அவர் பிளேயரைக் காட்டினார். அவள் ஆச்சரியக்குறியைப் பார்த்தாள், ஒயரைப் பார்த்தாள், புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, புருஷனைத் தெரியும்.

"எல்லாமே போச்சா?"

தெரியாது என்று கையை விரித்தார்.

"சாயங்காலம் அத்தை கூப்பிடுவாங்களேங்க!"

அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாரம் பேசாவிட்டால் அம்மா சாப்பிடாது, மாத்திரை போடாது. போன தடவை பிளேயரில் சார்ஜ் இல்லாமல் ஒரு நாள் தள்ளிப்போனதற்கே ரத்த அழுத்தம் ஏறி அக்கா டாக்டரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. ஆபரேஷன் அன்றைக்குக்கூட அவர் இவ்வளவு பயப்படவில்லை. அன்றைக்குக் குரலை எடுக்கும்போது மயக்கத்தில் இருந்தார். இன்றைக்கு முழு விழிப்பில் இருந்தார்.

மச்சினன் ஓடிவந்தான். திட்டுவான் என்று வெண்கலம் தயாராக இருந்தார். அவன் திட்டவில்லை. பிளேயரைக் காதில் வைத்துக் கேட்டான், மெதுவாகக் கீழே வைத்தான், உதட்டைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். எப்போதும் நக்கலடிக்கிறவன் வாயை மூடிக்கொண்டதைப் பார்த்ததும் வெண்கலத்துக்கு இருந்த கொஞ்சநஞ்ச தைரியமும் போயிற்று.

"இந்தப் பிளேயர் பெரிய கூடையில அளக்குது மாமா" என்றான் கடைசியில். "நீங்க போட்ட சாஃப்ட்வேர் சின்னக் கூடைன்னு நெனச்சுக்கிட்டு எல்லையத் தப்பாப் போட்டிருக்கு. போதாக்குறைக்குப் பாதியில ஒயரப் பிடுங்கி இருக்கீங்க. எது பாட்டு, எது பேச்சு, எங்க ஆரம்பம், எங்க முடிவுன்னு அதுக்கே தெரியல."

"இதோட காப்பி ஒண்ணு உன் கடையில இருந்துச்சே?" என்றாள் மனைவி.

"கடைக்குள்ள தண்ணி வந்தப்ப அந்தக் கம்ப்யூட்டர்தான்க்கா முதல்ல போச்சு. இன்னொண்ணு எடுத்துத் தர்றேன், பிளேயரக் கொடுங்கன்னு கேட்டேன். மாமாதான் ஒரு நாள்கூட அதப் பிரிஞ்சு இருக்க முடியாதுன்னுட்டாரு."

உண்மைதான். வாயைக் கழற்றி யாரிடம் கொடுத்துவிட்டு வருவார்?

மச்சினன் வேறொரு சாஃப்ட்வேரைப் போட்டான். டிஸ்கின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை துழாவி, கிடைக்கிற துண்டையெல்லாம் பொறுக்கி எடுக்குமாம். அதற்கும் ஒரு பட்டை. இந்தப் பட்டை ஊர்ந்த வேகத்துக்கு அந்தப் பட்டை குதிரை. வெண்கலம் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார், கை தன்னை மீறி எதையாவது பிடுங்கிவிடப் போகிறதே என்ற பயத்தில். மனைவி தட்டில் சோறு போட்டு வைத்தாள், தள்ளிவிட்டார். மறுபடி வைத்தாள், பார்க்கவே இல்லை. அவர் பார்வை பட்டையிலேயே இருந்தது. இந்தப் பட்டை முடிவுக்கு வந்து, 'ஒன்றும் இல்லை' என்று சொன்னால், அப்புறம் தான் யார் என்று யோசித்தார். எடை மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஊமை. அவ்வளவுதான்.

வெயில் சுவரில் பாதி ஏறியிருந்தபோது மச்சினன் துள்ளி எழுந்தான். "மாமா! கெடைச்சிடுச்சு!"

ஒன்றை அமுக்கினான். "கைய எடுய்யா தராசுலேர்ந்து!" என்று வெண்கலத்தின் குரல் அறை அதிரக் கத்தியது. மனைவி சிரித்தாள், சிரிக்கும்போதே அழுதாள். அவர் மச்சினனின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தம் கொடுத்தார்.

"இருங்க மாமா, ஒரு சிக்கல்" என்றான் அவன். "பேர் எல்லாம் போயிடுச்சு."

திரையில் வெறும் எண்கள். எங்கே எது என்று ஒரு அடையாளமும் இல்லை. அம்மாவுக்கான பேச்சு, மார்க்கெட் பேச்சு, திட்டு, பாட்டு எல்லாம் குப்பைக் கூடையைக் கவிழ்த்த மாதிரி கலந்து கிடந்தன. "எப்பவோ அழிச்சதெல்லாம்கூட எழுந்து வந்திருக்கு. ஒவ்வொண்ணாக் கேட்டுத்தான் பிரிக்கணும்."

பிரிக்க ஆரம்பித்தார்கள். ஒன்றை அமுக்கினால் இருமல். இன்னொன்றை அமுக்கினால் பாட்டு. "சரிம்மா" கிடைத்ததும் மனைவி தையல் சாக்குக்கட்டியால் கருப்புத் துணி மேல் அதன் எண்ணை எழுதினாள். "ஹலோ, நான்தாம்மா" கிடைத்தது. "அய்யய்யோ" ஒன்று கிடைத்தது, அதுவும் உபயோகப்படும் என்று எழுதிக்கொண்டாள். "சாப்பிட்டேம்மா"வை மட்டும் காணவில்லை. அது இல்லாமல் அம்மாவிடம் பேசுவது நடக்கிற காரியமா?

பொழுது சாயட்டும் என்று அம்மா அன்றைக்குக் காத்திருக்கவில்லை. போன் அடித்தது.

மூவரும் போனைப் பார்த்தார்கள். அடித்துக்கொண்டே இருந்தது. மனைவிதான் எடுத்தாள், ஸ்பீக்கரில் போட்டாள். "அத்தை, அவர் வெளிய போயிருக்காருங்க. வந்ததும் பேசச் சொல்றேன்."

"போயிட்டு வரட்டும். நான் லைன்லயே இருக்கேன்" என்றது அம்மா. "எனக்கு வேற என்ன வேலை?"

பின்னாலிருந்து அக்கா குரல் தாழ்த்திச் சொன்னாள்: "ராத்திரி அம்மா மயக்கம் வந்து கட்டில்லேர்ந்து விழுந்துடுச்சும்மா. காலையிலேர்ந்து அவன் பேரையே சொல்லிக்கிட்டு இருக்கு. ஒரு வார்த்தை பேசச் சொல்லு."

வெண்கலம் போனைத் தன் பக்கம் இழுத்தார். மச்சினனுக்குச் சைகை காட்டினார். அவன் எண்ணைப் பார்த்து அமுக்கினான்.

"ஹலோ, நான்தாம்மா."

"வந்துட்டியா ராசா! விழுந்துட்டேன்டா. இடுப்புல நல்ல அடி. செத்துப் போயிருப்பேன் தெரியுமா?"

'அய்யய்யோ' எண் எது? மனைவி துணியில் விரலை ஓட்டிக் காட்டினாள். அவசரத்தில் கை பட்டு ஒரு எண்ணின் வால் அழிந்திருந்தது. மச்சினன் அமுக்கினான்.

"ஐஸ் போட்டு வை, நாளைக்குப் பாத்துக்கலாம்!"

"யாரடா ஐஸ்ல போடணும்?" என்றது அம்மா.

மச்சினன் தப்பைச் சரிசெய்கிற அவசரத்தில் அடுத்த எண்ணை அமுக்கினான். அந்த எண்ணை அவர்கள் இன்னும் கேட்டுப் பார்த்திருக்கவில்லை.

முதலில் தொண்டையைக் கனைக்கும் சத்தம் வந்தது. எங்கோ தண்ணீர் சொட்டும் சத்தம். அதைக் கேட்டதுமே வெண்கலத்துக்குப் புரிந்துவிட்டது, பாய்ந்தார். நாற்காலி கவிழ்ந்தது. அதற்குள் குரல் ஆரம்பித்துவிட்டது. ஆபரேஷனுக்கு முதல் நாள் ஆஸ்பத்திரிக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மனைவிக்காக அவர் பேசியது. உயிரோடு வெளியே வந்ததும் முதல் வேலையாக அவர் அழித்தது.

"இத நீ கேக்குறன்னா நான் போயிட்டேன்னு அர்த்தம். அழாத. உன்ன நான் நல்லா வச்சுக்கலதான், ஆனா உன்ன மாதிரி எனக்கு யாரும் வாய்க்கல. அம்மாகிட்ட மட்டும் நான் செத்தத சொல்லிடாத. அது தாங்காது. என் குரல் இருக்குல்ல, அத வச்சு சமாளிச்சுக்கங்க..."

அவர் கம்ப்யூட்டரின் ஒயரைப் பிடுங்கினார். அன்றைக்கு இரண்டாவது தடவை.

போனில் அம்மாவின் குரல், அவர் இதுவரை கேட்டே இராத மெல்லிய குரல்.

"எப்ப செத்தான்?"

"அத்தை, அய்யோ, அப்படியெல்லாம் இல்லைங்க..."

"எப்பம்மா செத்தான் எம்புள்ள? ஒரு வருஷமா என்கிட்ட பேசினது யாரு?"

"அவர் இங்கதான் நிக்கிறாருங்க அத்தை! என் பக்கத்துல! சத்தியமா!"

"நின்னா பேசச் சொல்லு."

அங்கே அக்கா கத்திக்கொண்டிருந்தாள். "அம்மா, அவன் உயிரோடதான் இருக்கான், தொண்டையில ஆபரேஷன், பேச வராது, அவ்வளவுதான்!" அம்மா கேட்கவில்லை. "பொய். எல்லாரும் சேர்ந்து பொய் சொல்றீங்க. அதான் ரெண்டு வார்த்தையில முடிச்சான். அதான் வரவே இல்ல. செத்தவன் எப்படிடி வருவான்?" அதற்குமேல் வார்த்தை வரவில்லை, இழுத்து இழுத்து மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. "அம்மா, படு, படும்மா!" என்று அக்கா அலறினாள்.

வெண்கலம் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். வாய் திறந்து திறந்து மூடியது. அம்மா என்று உதடு சொன்னது. கழுத்து வழியாகக் காற்றுதான் போயிற்று. தான் உயிரோடு நின்றுகொண்டிருக்க, தன் சாவுக்குத் தன் தாய் மூச்சுவிட முடியாமல் அழுவதை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மாதிரி ஒரு பயம் எதிரிக்கும் வரக்கூடாது. இந்த அழுகையிலேயே அம்மா போய்விட்டால், கொன்றது அவருடைய குரல்தான்.

போனை மேஜையில் வைத்தார். மனைவியின் மரஸ்கேலை எடுத்தார். மேஜைப் பலகையில் ஓங்கித் தட்டினார். கொஞ்சம் விட்டு இன்னொன்று. பிறகு ஸ்கேலை உயரத் தூக்கி, அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

மச்சினனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்கேல் காற்றில் நின்றது. போனில் அழுகை கேட்டது, பிறகு அழுகை தயங்கியது, பிறகு நின்றது. அங்கே யாரோ காத்திருந்தார்கள்.

தட்டினார்.

"மூணாவத இழுத்தான்" என்றது அம்மா.

மனைவி போனை இன்னும் அருகில் நகர்த்தினாள்.

"சின்ன வயசுல என் தண்ணி டிரம்மத் தட்டித் தட்டி இப்படித்தான் உயிர வாங்குவான். மூணாவதத் தட்டித் தொலைடான்னு கத்துவேன், தட்டவே மாட்டான். ராசா, நீதானாடா?"

அவர் தட்டினார்.

"ஆமான்னா ஒண்ணு தட்டு. இல்லன்னா ரெண்டு. பேச்சு வராதா?"

ஒன்று.

"வலிக்குதா?"

இரண்டு.

அம்மா மறுபடி அழுதது. ஆனால் இது வேறு அழுகை, மூச்சு சீராக இருந்தது. "நான் என்னென்னவோ நெனச்சேன்டா. புள்ளைக்கு என்னப் புடிக்காமப் போச்சு, அதான் அளந்து அளந்து பேசுறான், வராம இருக்கான்னு நெனச்சேன். நான் என்னடா பண்ணினேன்னு ராத்திரியெல்லாம் யோசிப்பேன். என் மேல கோவமாடா உனக்கு?"

இரண்டு. உடனே இன்னொரு இரண்டு. இன்னொரு இரண்டு. மனைவி அவர் கையைப் பிடித்து நிறுத்தும்வரை தட்டிக்கொண்டிருந்தார். அவள் முகமும் நனைந்திருந்தது. "குளிக்கிற ரூம்ல நின்னு எனக்குச் சொன்னதுக்கு அப்புறமா உங்ககிட்ட பேசிக்கிறேன்" என்று அவர் காதில் சொன்னாள்.

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அம்மா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் கேட்பதைக் கேட்டது.

"சாப்பிட்டியாடா?"

வெண்கலம் ஸ்கேலைத் தூக்கினார். ஒரு வருஷத்துக்கு மேலாக இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் போய்க்கொண்டிருந்தது, அவர் சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும். மேஜை ஓரத்தில் காலையிலிருந்து தொடாத சோறு காய்ந்து கிடந்தது. அதைப் பார்த்தார். இரண்டு தட்டினார்.

"பொழுது சாயப் போகுது, இன்னும் சாப்பிடலையா?" அம்மாவுக்குப் பழைய கோபம் முழுசாகத் திரும்பி வந்திருந்தது. "போ, போய் மொதல்ல சாப்பிடு. சாப்பிட்டு வந்து தட்டு. நான் லைன்லயே இருக்கேன்."